யாருக்கு அழுத்தம்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பாளையங்கோட்டையில் வங்கியில் வேலை பார்க்கிறேன். வயது 46. கடன் வசூல், மாத இலக்கு என்று நாள் முழுதும் நெருக்கடி. இரவில் உறக்கம் இல்லை. இரண்டு வருடமாக அப்பா பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். மனைவி பார்த்துக்கொள்வதால் அந்த வகையில் எனக்குக் கவலை இல்லை. மூச்சுப்பயிற்சி, யோகா, மாதம் ஒருமுறை குற்றாலம் – மன அழுத்தத்தைக் குறைத்து ஆயுளைக் கூட்ட இவற்றுள் எது உதவும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மெதுவாக மூச்சை இழுத்து விட்டால் நாடித்துடிப்பு தணியும், செய்யுங்கள். யோகாவும் நல்லதுதான். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கொக்கிரகுளம் ஆற்றங்கரையில் வேகமாக நடந்தாலே போதும். சீசன் நேரத்து ஞாயிற்றுக்கிழமையில் ஐந்தருவி வரிசையில் நின்று அழுத்தம் குறைந்தவரை நான் பார்த்ததில்லை.

‘மனைவி பார்த்துக்கொள்வதால்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் சில காலமாக என் மனத்தில் கிடந்த ஒன்றைக் கிளறிவிட்டது.

கலிபோர்னியாவில் எலிசா எப்பல், எலிசபெத் பிளாக்பர்ன் ஆகியோர் 2004இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நீண்டகால நோயுள்ள பிள்ளைகளைப் பராமரிக்கும் தாய்மாரும் அதில் இருந்தார்கள். செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்களின் நுனியில் டெலோமியர் என்ற காப்புப் பகுதி உண்டு. செல் பிரியப் பிரிய அது தேயும். பராமரித்த ஆண்டுகள் கூடக்கூட அந்த நுனி குட்டையாகி இருந்தது. மிகுந்த அழுத்தத்தில் இருப்பதாகச் சொன்ன பெண்களுக்கும் குறைவாகச் சொன்னவர்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு, குறைந்தது பத்து ஆண்டு மூப்புக்குச் சமம் என்று கணித்தார்கள். 58 பெண்களை மட்டும் கொண்ட சிறிய ஆய்வுதான். ஆனாலும் ஆயுளைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்வியை முதலில் கேட்டிருக்க வேண்டியவர் உங்கள் மனைவி.

முக்கூடலில் என் பெரியம்மை பீடி சுற்றினாள். மடியில் சொளவு என்கிற முறம், ஈரத்துணியில் பொதிந்த இலை, ஒரு பக்கம் தூள். இலையைக் கத்தரித்து, தூளை வைத்து உருட்டி, நுனியை நகத்தால் மடக்கி, நூலைச் சுற்றி இழுப்பாள். கண் மட்டும் அறைக்குள் படுத்திருந்த மாமனாரின் மேலேயே இருக்கும். அவர் முனகினால் சொளவை இறக்கிவைத்துவிட்டு எழுவாள், திரும்பி வருவதற்குள் இலை காய்ந்துவிடும். சாயங்காலம் பீடிக்கடையில் கணக்குக் கொடுத்தாக வேண்டும். கட்டைப் பிரித்துப் பார்த்துக் கழிவு என்று ஒதுக்கினால் கூலி போயிற்று. வேலையின் வேகத்தைக் கடை முடிவு செய்தது, எழும் நேரத்தை நோயாளி முடிவு செய்தார், அவளுக்கென்று ஒரு நாழிகைகூட மிச்சமிருக்கவில்லை. எங்கள் வீட்டு ஆண்கள் அவளைப் பொறுமைசாலி என்று புகழ்ந்தார்கள், நீங்கள் ‘கவலை இல்லை’ என்று எழுதியிருப்பதைப் போல.

மேலதிகாரிகளுக்குத்தான் நெஞ்சுவலி வரும் என்று நம் ஊரில் இன்றும் பேசுகிறார்கள். லண்டனில் அரசு ஊழியர்களிடையே 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு கண்டது நேர்மாறானது: உயரதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்கள் இதயநோயால் சுமார் மூன்று மடங்கு அதிகமாக இறந்தார்கள். புகைப்பழக்கம், ரத்த அழுத்தம் போன்ற காரணங்களால் அதில் ஒரு பகுதியை மட்டுமே விளக்க முடிந்தது. பின்னாளில் மைக்கேல் மார்மட் குழுவினர் நடத்திய அடுத்த கட்ட ஆய்வு, தன் வேலையைத் தானே தீர்மானிக்க இயலாத நிலைக்கும் இதயநோய்க்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. வங்கி இலக்கு உங்களை வாட்டுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. உங்கள் வலியும் வலிதான். ஆனால் உங்களுக்கு மாலை ஆறு மணிக்குப் பிறகு ஒரு வீடு இருக்கிறது. உங்கள் மனைவிக்கு அந்த வீடே வேலையிடம். அங்கே வார விடுமுறை கிடையாது.

ஆகவே தியானத்துக்கு ஒதுக்க நினைத்த நேரத்தில், அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்கவும், முதுகு துடைத்துவிடவும், படுக்கைப்புண் வராமல் கவனிக்கவும் உங்கள் மனைவியிடமே கற்றுக்கொள்ளுங்கள். வாரத்தில் பாதி இரவுகள் அப்பாவின் அறையில் நீங்கள் படுங்கள். எப்படியும் உறக்கம் வரவில்லை என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்? உங்கள் உடல்நிலையைப் பற்றி அரைப்பக்கம் எழுதியவர், உங்கள் மனைவிக்குக் கடைசியாக எப்போது ரத்த அழுத்தம் பார்த்தீர்கள் என்று எழுதவில்லை. இந்த வாரமே ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு அவரை அழைத்துச் சென்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.