மெட்ரோ வரப்போகிறது என்று வீடு வாங்கலாமா?

கேள்வி: எனக்குக் கிண்டியில் வேலை, மனைவிக்குத் தி.நகரில். மேடவாக்கத்தில் ஒரு ஃபிளாட் பார்த்தோம். "மெட்ரோ 5 நிமிஷம்" என்று சொல்லி புரோக்கர் விலையை ஏற்றுகிறார். அதை நம்பி வாங்கலாமா? பைக்கை விற்றுவிடலாமா?

பதில்: பைக்கை விற்காதீர்கள். வீட்டை, இன்று ஓடும் பஸ்ஸைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

புரோக்கர் சொல்வதில் பாதி உண்மை. மாதவரம்–சோழிங்கநல்லூர் மெட்ரோ தடம் மேடவாக்கம் வழியாகத்தான் போகிறது. அது ஓடத் தொடங்கினால் ஆலந்தூரில் இறங்கி மாறுவீர்கள். அடுத்த ஸ்டேஷன் கிண்டி. ஆனால் அந்த "ஓடத் தொடங்கினால்" என்பதற்கு அவர் இன்றே காசு கேட்கிறார். பழைய உதாரணம் ஒன்று: சென்னையில் தூண்கள் மேல் ஓடும் பறக்கும் ரயில் 2007-இல் வேளச்சேரிக்கு வந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு வெறும் 5 கிலோமீட்டர். அதுவரை பாதையை நீட்ட 2008-இல் தொடங்கிய வேலை, நில வழக்குகளில் சிக்கி 15 வருடத்துக்கும் மேல் இழுத்தது. வழியில் இடம் வாங்கியவர்கள் வட்டி கட்டிக்கொண்டே காத்திருந்தார்கள். இதற்கு யாரும் பதில் சொல்வதில்லை என்பதுதான் எனக்குக் கோபம்.

அந்த "5 நிமிஷம்" பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்கில் போன கணக்கு. இல்லையென்றால் மேப்பில் நேர்கோடு போட்டுப் பார்த்தது. ஃபிளாட் கேட்டிலிருந்து ஸ்டேஷன் வாசல் வரும் இடம் வரை நீங்களே நடங்கள். 10 நிமிடத்தில் சுமார் 800 மீட்டர் நடக்கலாம். அதற்கு மேல் என்றால் தினமும் ஷேர் ஆட்டோதான். முடிந்தால் மழை பெய்த மறுநாள் போய் நடந்து பாருங்கள்.

அப்புறம், ஒரு வேலை நாளில் காலை 8 முதல் 9 வரை பஸ் ஸ்டாப்பில் நின்று எண்ணுங்கள். ஒரு மணி நேரத்தில் நான்கு பஸ் வந்தாலும், மூன்று ஒட்டிக்கொண்டு வந்தால் அதை இரண்டு பஸ் என்றே எழுதிக்கொள்ளுங்கள். இரவு 9 மணிக்கு மேலும் ஒருமுறை நில்லுங்கள்.

உங்கள் மனைவிக்கு ஒரு விஷயம். 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அது சாதாரணக் கட்டண பஸ்ஸில் மட்டும்தான். டீலக்ஸில் ஏறினால் டிக்கெட் எடுக்க வேண்டும், ஏசி பஸ்ஸிலும் அப்படியே. அதனால் பஸ்ஸை எண்ணும்போது சாதாரண பஸ்ஸைத் தனியாக எண்ணுங்கள். மாதச் செலவு அதில்தான் மாறும்.

இந்தக் கணக்கு சரியாக வந்தால் வாங்குங்கள். மெட்ரோவுக்காகக் கூடுதலாகக் கேட்கும் தொகையை மட்டும் குறைக்கச் சொல்லுங்கள். குறைக்க மாட்டேன் என்றால், எந்தத் தேதியில் ரயில் ஓடும் என்று ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.