ஆட்-ஆன் கார்டை நம்பி விமானம் ஏறாதீர்கள்

கேள்வி: மே மாத விடுமுறையில் நான், என் கணவர், 10 வயதிலும் 13 வயதிலும் உள்ள பிள்ளைகள் என நால்வரும் சிங்கப்பூர், கோலாலம்பூருக்கு 8 நாள் பயணம் போகிறோம். என்னிடம் ஒரு ரூபே டெபிட் கார்டும் ஒரு விசா கிரெடிட் கார்டும் உள்ளன. அதே கிரெடிட் கார்டின் ஆட்-ஆன் கார்டு கணவரிடம் இருக்கிறது. டிராவல் ஏஜென்ட், டாலரில் ஃபாரெக்ஸ் கார்டு போட்டுக்கொள்ளச் சொல்கிறார். எதையெல்லாம் எடுத்துப் போவது?
- வாசகி, திருச்சி

பதில்: கையில் மூன்று கார்டு இருந்தாலும், அங்கே நீங்கள் நம்பக்கூடியது ஒன்றுதான். ஆட்-ஆன் கார்டுக்கு எண் வேறு. ஆனால் கணக்கும் லிமிட்டும் உங்களுடையதே. சந்தேகப்பட்டு வங்கி அந்தக் கணக்கை நிறுத்தினால் இரண்டும் ஒரே நொடியில் பயனற்றுப் போகும். ரூபே, சிங்கப்பூரில் சில இடங்களில் செல்லும். எல்லா மெஷினும் எடுக்காது. அதை மட்டும் வைத்துக்கொண்டு கடையில் நிற்க வேண்டாம்.

அதனால் முதல் வேலை, வேறொரு வங்கியின் கார்டு ஒன்று சேர்ப்பது. கணவருக்கு வேறு வங்கியில் கணக்கு இருந்தால் அங்கே மாஸ்டர்கார்டு டெபிட் கார்டு கேளுங்கள். வேறு வங்கி, வேறு நெட்வொர்க். ஒன்று உங்கள் பையில், மற்றது அவர் பையில். ஒரே பர்ஸில் வைத்தால் இரண்டு கார்டு இருந்தும் பயனில்லை.

வெளிநாட்டு நாணயத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டு நல்லதுதான், ஆனால் அமெரிக்க டாலரில் வேண்டாம். அமெரிக்க டாலரை ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர் டாலரில் செலவழித்தால், ரூபாயிலிருந்து அமெரிக்க டாலருக்கு ஒரு மாற்று, அங்கிருந்து சிங்கப்பூர் டாலருக்கு இன்னொரு மாற்று. இரண்டாவதற்குத் தனிக் கட்டணம் பிடிப்பார்கள். சிங்கப்பூர் டாலரிலேயே ஏற்றச் சொல்லுங்கள். ரிங்கிட் எல்லா ஃபாரெக்ஸ் கார்டிலும் கிடைக்காது. கேட்டுப் பார்த்து, இல்லையென்றால் மலேசியச் செலவுக்குக் கிரெடிட் கார்டு போதும்.

கிரெடிட் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கு வங்கிகள் மார்க்கப் என்ற கூடுதல் கட்டணம் வசூலிக்கின்றன. பல கார்டுகளில் இது 3.5 சதவீதம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 50,000 ரூபாய் செலவழித்தால் 1,750 ரூபாய் மார்க்கப், 315 ரூபாய் வரி, ஆக 2,065 ரூபாய். மார்க்கப்பே இல்லாத கார்டுகளும் இருக்கின்றன. பயணத்துக்கு ஒரு மாதம் இருந்தால் அப்படியொன்றுக்கு விண்ணப்பிப்பது லாபம். ஏஜென்ட் தரும் ஃபாரெக்ஸ் விலையை அன்றைய சந்தை விலையோடு ஒப்பிடுங்கள். அவர்களுடைய லாபம் அந்த விலைக்குள்ளேயே இருக்கும்.

இந்த 2,065 ரூபாயைவிடப் பெரிய நஷ்டம் கடை கவுன்டரில் நடக்கும். மெஷின் திரையில் சிங்கப்பூர் டாலரில் ஒரு தொகையும், பக்கத்தில் இந்திய ரூபாயில் ஒரு தொகையும் காட்டி, எதில் செலுத்துகிறீர்கள் என்று கேட்கும். ரூபாய் பழகிய எண் என்பதால் விரல் அங்கேதான் போகும். போகக் கூடாது. ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தை நிர்ணயிப்பவர் உங்கள் வங்கியல்ல, அந்த மெஷினை நடத்தும் நிறுவனம். அந்த விகிதத்திலேயே அவர்கள் லாபம் சேர்ந்திருக்கும். போதாக்குறைக்கு, ரூபாயில் செலுத்தினாலும் அது வெளிநாட்டுக் கடை என்பதால் நம் வங்கிகள் பலவும் தனிக் கட்டணம் போடும். எப்போதும் உள்ளூர் நாணயம்தான். சில கடைகளில் விற்பனையாளரே பட்டனை அழுத்திவிடுவார். பின் நம்பர் போடுமுன் திரையைப் பாருங்கள். ஐஎன்ஆர் (இந்திய ரூபாய்) என்றிருந்தால், அதை ரத்து செய்துவிட்டு உள்ளூர் நாணயத்தில் மறுபடி போடச் சொல்லுங்கள். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும். 'டிக்ளைன் கன்வர்ஷன்' (மாற்று வேண்டாம்) என்பதை அழுத்தினால் பணமே வராதோ என்று பயப்பட வேண்டாம். பணம் வரும், மாற்று மட்டும் உங்கள் வங்கியின் விகிதத்தில் நடக்கும்.

புதிதாகத் தரப்படும் இந்தியக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே இருக்கும்; 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதி இது. வங்கி ஆப்பில் கடை மெஷின், ஏடிஎம், ஆன்லைன், கான்டாக்ட்லெஸ் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சுவிட்ச் இருக்கும். கடை மெஷினையும் கான்டாக்ட்லெஸ்ஸையும் திறந்து, தினசரி வரம்பு வையுங்கள். ஏடிஎம்மை டெபிட் அல்லது ஃபாரெக்ஸ் கார்டில் மட்டும் திறந்து வையுங்கள். கிரெடிட் கார்டில் பணம் எடுத்தால் கட்டணத்தோடு அன்றைக்கே வட்டியும் ஓடத் தொடங்கும். வெளிநாட்டு ஆன்லைன் சுவிட்சை மூடியே வையுங்கள். பல வெளிநாட்டுத் தளங்கள் ஓடிபி கேட்காமலே பணத்தை எடுத்துவிடும். இதையெல்லாம் திருச்சியிலேயே முடியுங்கள். ஆப் கேட்கும் ஓடிபி உங்கள் இந்திய சிம்முக்குத்தான் வரும். ரோமிங் இல்லையென்றால் அங்கே திண்டாட வேண்டியிருக்கும்.

சிங்கப்பூர் மெட்ரோவிலும் பேருந்திலும் விசா, மாஸ்டர்கார்டைத் தட்டியே ஏறலாம். ஆனால் ஒருவருக்கு ஒரு கார்டு. ஒரே கார்டை இருவருக்குத் தட்ட முடியாது. ஏறும்போது தட்டிய அதே கார்டைத்தான் இறங்கும்போதும் தட்ட வேண்டும். ஆட்-ஆன் கார்டு தனிக் கார்டாக உதவுவது இங்கேதான். வெளிநாட்டுக் கார்டுக்கு, பயன்படுத்தும் ஒவ்வொரு நாளும் 60 சிங்கப்பூர் சென்ட் கூடுதல் கட்டணம் உண்டு. பிள்ளைகளுக்கு, பணம் ஏற்றித் தட்டும் ஈஸி-லிங்க் பயணக் கார்டு வாங்கிவிடுங்கள். கோலாலம்பூர் ரயிலுக்கும் பேருந்துக்கும் அதே போன்ற டச் அண்ட் கோ கார்டு வாங்குங்கள்.

ஹோட்டல் டெபாசிட்டுக்குக் கிரெடிட் கார்டையே நீட்டுங்கள். டெபிட் அல்லது ஃபாரெக்ஸ் கார்டைத் தந்தால் உங்கள் சொந்தப் பணமே முடங்கும். அறையைக் காலி செய்தபின்னும் திரும்ப நாளாகும். மலேசியாவில் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரியும் கவுன்டரில் கேட்பார்கள்.

சாப்பாட்டுக் கடைகளுக்கும் சில்லறைச் செலவுக்கும் இரண்டு நாட்டு நாணயத்திலும் கொஞ்சம் ரொக்கம் வேண்டும். ஏடிஎம்மில் எடுப்பதானால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்காமல் ஒரே முறையாக எடுங்கள். நம் வங்கி ஒவ்வொரு முறைக்கும் நிலையான கட்டணம் பிடிக்கும். வங்கிக் கிளையை ஒட்டிய ஏடிஎம்மில், வேலை நேரத்தில் எடுத்தால், கார்டு சிக்கினாலும் உள்ளே போய்க் கேட்கலாம்.

கார்டைத் தடை செய்ய அழைக்கும் 1800 எண்கள் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் போகாது. +91-இல் தொடங்கும் எண்ணை வங்கியின் தளத்தில் தேடி, இருவர் போனிலும் சேமித்து, தாளிலும் எழுதிப் பாஸ்போர்ட் உறைக்குள் வையுங்கள். ஊர் திரும்பியதும் வெளிநாட்டுச் சுவிட்சுகளை மூடிவிட்டு, அடுத்த ஸ்டேட்மென்டில் ஹோட்டல் டெபாசிட் விடுவிக்கப்பட்டதா என்று பாருங்கள்.