போன் நேர்காணலின்போது அம்மா எங்கே இருக்க வேண்டும்?

நாளை மறுநாள் காலை 11 மணிக்கு உங்கள் மகனுக்குப் போனில் நேர்காணல், பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அம்மா. முன்பு ஒரு நிறுவனத்துக்காக இப்படிப் போனில் ஆள் எடுத்திருக்கிறேன். ஒரு பையன் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தான். நடுவில் 'சம்பளம் எவ்வளவுன்னு கேளு' என்று ஒரு பெண் குரல். அதன் பிறகு அவனால் ஒரு பதிலையும் கோவையாகச் சொல்ல முடியவில்லை.

உங்கள் வேலை அதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். 11 மணி என்றால் குக்கர் விசில் அடிக்கும் நேரம். சமையலை 10 மணிக்குள் முடித்துவிடுங்கள். வீட்டில் சிக்னல் எங்கே நன்றாகக் கிடைக்கிறது என்று நாளையே அதே நேரத்தில் பேசிப் பார்க்கட்டும். அறியாத எண்களை முடக்கும் அமைப்பு போனில் இருந்தால் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். இதனாலேயே அழைப்பைத் தவறவிட்டவர்கள் உண்டு.

இனி அவனுக்கு. பதில்களை எழுதி வைத்துப் படிக்க வேண்டாம். படிக்கும் குரல் தட்டையாகி உடனே காட்டிக்கொடுத்துவிடும். பயோடேட்டா மட்டும் மேசையில் இருக்கட்டும். 'டேலி கணக்கு மென்பொருள் தெரியும்' என்பதை எல்லா பி.காம். பட்டதாரிகளும் சொல்கிறார்கள். இவன் மூன்று மாதம் ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போனவன் அல்லவா? 'கொள்முதல் பில்களை டேலியில் பதிவு செய்தேன், ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்கு விற்பனை விவரங்களைத் தொகுத்துக் கொடுத்தேன்' என்று சொல்லட்டும். கேட்பவர் அடுத்த கேள்வியை அங்கிருந்தே தொடங்குவார், அது இவனுக்குத் தெரிந்த இடம்.

நேரில் என்றால் யோசிக்கும் முகம் தெரியும். போனில் ஐந்து நொடி மௌனமே லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைக்க வைக்கும். 'கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன் சார்' என்று வாய்விட்டுச் சொன்னால் போதும். கேள்வி காதில் சரியாக விழாவிட்டால் திரும்பக் கேட்பதில் தவறே இல்லை. ஊகித்துப் பதில் சொல்வதுதான் ஆபத்து. இன்னொன்று: சாதாரண போன் இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்துகிறது. எஸ், எஃப் இரண்டையும் பிரித்துக் காட்டும் மெல்லிய ஒலி அதில் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். மின்னஞ்சல் முகவரி கேட்டால் 'எஸ் ஃபார் சேலம்' என்று எழுத்தெழுத்தாகச் சொல்லிப் பழகட்டும்.

சம்பளம் பற்றி அவர்கள் கேட்டால் மட்டும் பேசட்டும். பதிவுக் கட்டணம், பயிற்சிக்கு முன்பணம் என்று யாராவது பணம் கேட்டால் அது வேலையே அல்ல, மோசடி. வைத்துவிடட்டும். ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

நாளை 11 மணிக்கு நானே ஒத்திகையாக அழைக்கிறேன். அவனிடம் இல்லாத எண்ணிலிருந்துதான் அழைப்பேன், எடுக்கிறானா பார்க்கலாம். நீங்கள் அந்த நேரத்தில் காய்கறிக் கடைக்குப் போய் வாருங்கள்.