கிரீட் தீவில் வெடித்த குட்டிக் காய்

கிரேக்க நாட்டின் கிரீட் தீவில், சாலையோரத்தில் தொட்டதும் வெடித்துச் சாறு பீய்ச்சிய, முடி முளைத்த குட்டிக் காய் என்னவென்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது எக்பாலியம் எலட்டேரியம் என்ற செடி. வெள்ளரிக் குடும்பம்தான், ஆனால் பற்றி ஏறச் சுருள் கம்பி கிடையாது, தரையிலேயே கிடக்கும். சாம்பல் பூத்த சொரசொர இலை, வெளிர்மஞ்சள் பூ. காய் முற்ற முற்ற உள்ளே நீரழுத்தம் ஏறும். காம்பு கழன்றதும் அந்த ஓட்டை வழியாக விதைகள் சில மீட்டர் பாய்ந்துவிடும், பார்க்க வேடிக்கைதான்.

சரி, குட்டி வெள்ளரி என்று மட்டும் கடித்துவிடாதீர்கள். கடும் கசப்பு, நச்சு. பழங்கால கிரேக்கர்கள் இதைப் பேதியாக வைக்கும் மருந்தாகக் கொடுத்திருக்கிறார்கள். அப்புறம், கண்ணில் தெறித்தது என்றீர்களே, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். எரிச்சல் நிற்காவிட்டால் இன்றே மருத்துவரைப் பாருங்கள்.