ஹேமிஷ் என்று பெயர் வைக்கப் போகும் தம்பிக்கு

கிளாஸ்கோ வந்து நாலு மாதம், வீட்டில் ஏழாம் மாதம், பையன் பிறந்தால் "ஹேமிஷ்" என்று இந்த ஊர்ப் பெயராகவே வைக்கலாமா, பொருள் என்ன, இங்கே பிரபலமா, உள்ளாட்சிக்குக் கட்டும் கவுன்சில் வரியில் சலுகை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். வரிக்கு ஒரே வரி: தனியாக இருப்பவருக்கு 25 சதவீதம் குறையும், நீங்கள் இரண்டு பேர், கிடையாது. பெயருக்கு வருவோம்.

முதலில், அது பெயரே இல்லை தம்பி, கூப்பாடு. ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் பெயர் ஷேமஸ். நம்மைப் போலவே அவர்களுக்கும் விளி வேற்றுமை உண்டு. நமக்கு முருகன் "முருகா" ஆவது கடைசி எழுத்தில்; அவர்களுக்கு இரண்டு முனையும் மாறும். முன்னால் ஒரு "அ" வரும், "ஷே" இளகி "ஹே" ஆகும், "மஸ்" குழைந்து "மிஷ்" ஆகும். ஆக, ஷேமஸைக் கூப்பிட்டால் "அ ஹேமிஷ்!" கேலிக் தெரியாதவர்கள் காதில் விழுந்ததை அப்படியே எழுதிக்கொண்டார்கள். ஸ்காட்லாந்து நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டின் 1827-ஆம் ஆண்டுக் கதை ஒன்றிலேயே ஹேமிஷ் என்றொரு மகன் வருகிறான். பெண்களில் மாரி "வாரி" ஆனதும் இதே கதைதான். கேலிக் வடிவமே வேண்டும் என்றால் பதிவேட்டில் ஷேமஸ் என்று எழுதுங்கள். வீட்டில் கூப்பிடும்போது தானே ஹேமிஷ் வந்துவிடும்.

பொருளுக்காகப் பெயர்ப் பட்டியல் தளங்களை நம்பாதீர்கள். "வீரன்", "மலைநாட்டான்" என்று மனம்போனபடி எழுதி வைத்திருப்பார்கள். ஷேமஸ் என்பது ஜேம்ஸ். ஜேம்ஸ் என்பது லத்தீன் வழியாக வந்த யாக்கோபு. தமிழ் பைபிளில் ஜேம்ஸ் என்ற சீடரே கிடையாது, யாக்கோபுதான் இருக்கிறார். ஆதியாகமக் கதைப்படி அண்ணன் ஏசாவின் குதிகாலைப் பிடித்துக்கொண்டு பிறந்தவன். குதிகாலைப் பிடிப்பவன், அடுத்தவன் இடத்தைப் பிடிப்பவன் என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் பொருள். பாட்டி கேட்டால் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிரபலமா என்றால், முதல் வரிசைப் பெயர் இல்லை. இங்கே பல ஆண்டுகள் ஜாக் முதலிடம், 2023-இல் லூக். பழைய கணக்கைப் பார்த்தும் ஏமாறக் கூடாது: 1855-இல் பிறப்புப் பதிவு கட்டாயமான பிறகு கேலிக் வீட்டுப் பையன் பதிவேட்டில் ஜேம்ஸ், அடுப்படியில் ஷேமஸ். நாட்டுப்பாடல் சேகரித்த ஹேமிஷ் ஹெண்டர்சன் (1919–2002) இங்கே பெரிய பெயர். ஸ்காட்டியர்கள் குடியேறிய நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் சாதாரணமாகக் காதில் விழும். படகோட்டி ஹேமிஷ் பாண்ட் நியூசிலாந்துக்காரர்தான். இங்கிலாந்துக்காரன் காதில் மட்டும் ஸ்காட்லாந்து ஆண்களின் கட்டம்போட்ட பாவாடையும் செம்பட்டை மாடும் சேர்ந்தே வரும். சுற்றுலாக் கடையில் தொங்கும் பொம்மை மாட்டுக்கும் இந்தப் பெயரைத்தான் வைத்திருப்பார்கள். அதற்குத் தயாராக இருங்கள்.

இன்னொன்று, கிளாஸ்கோ தெருவில் முன்பின் தெரியாத ஆளை "ஜிம்மி" என்று கூப்பிடும் வழக்கம் உண்டு. நம்மூரில் அது நாயின் பெயர் என்று முகம் சிவக்காதீர்கள். அதுவும் அதே ஜேம்ஸ்தான்.

எழுதும்போது எச்-ஏ-எம்-ஐ-எஸ்-எச். அந்த "ஏ"யைப் பார்த்து ஊரில் எல்லோரும் "ஹாமிஷ்" என்பார்கள், அழைப்பிதழில் ஹேமேஷ் ஆகும். தமிழில் எப்படி எழுதுவது என்று நீங்களே முதலில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

நம்மவர்கள் முதற்பெயருக்கு ஆறு மாதம் சண்டை போட்டுவிட்டு குடும்பப் பெயர்க் கட்டத்தில் கோட்டை விடுகிறார்கள். "எங்களுக்கு இனிஷியல்தான்" என்று பதிவாளரிடம் வாதாடிப் பயனில்லை. உண்மையில் அப்பா பெயரைச் சேர்த்துக்கொள்வது இவர்களுக்கும் புதிதில்லை. மக்டானல்ட் என்றால் டானல்டின் மகன், "மக்" என்பது மகன்தான். உங்கள் பெயரையே குழந்தைக்குக் குடும்பப் பெயராக வையுங்கள், தாத்தா பெயரை அல்ல. ஆனால் உங்கள் கடவுச்சீட்டில் அந்தக் கட்டத்தில் உங்கள் அப்பா பெயர் இருக்கும், மனைவியுடையதில் அவருடைய அப்பா பெயர் இருக்கும். மூன்று பேர் மூன்று குடும்பப் பெயரோடு விமான நிலையத்தில் நிற்பீர்கள். அதனால் பயணத்தில் பிறப்புச் சான்றிதழ் கைப்பையில் இருக்கட்டும்.

பதிவுக்கு 21 நாள்தான் கெடு. இங்கிலாந்தில் இருக்கும் நண்பர் 42 என்பார், அது அவர் ஊர்க் கணக்கு. மருத்துவமனை தரும் அட்டை, திருமணச் சான்றிதழ் இரண்டையும் எடுத்துப் போங்கள். ஸ்காட்லாந்தில் எந்தப் பதிவு அலுவலகத்திலும் செய்யலாம். இலவசமாகத் தரும் சுருக்கச் சான்றில் பெற்றோர் பெயர் இருக்காது. காசு கொடுத்து முழுச் சான்று வாங்குங்கள். இங்கே பிறந்தாலும், பெற்றோர் இருவரும் வேலை விசாவில் இருந்தால் குழந்தை பிரிட்டிஷ் குடிமகன் இல்லை; ஒரு வருடத்துக்குள் எடின்பரோ இந்தியத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். அங்கே முழுச் சான்றைத்தான் கேட்பார்கள், எழுத்துக்கூட்டும் அதில் உள்ளபடியே இருக்க வேண்டும். அதனால் பதிவாளர் கையெழுத்துக்கு முன் காட்டும் பக்கத்தில் "ஐ"யையும் "ஏ"யையும் விரல் வைத்துப் பாருங்கள்.