பிள்ளையை வெளிநாட்டில் படிக்க வைக்க: தருமபுரி, கிருஷ்ணகிரி பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில்

பொதுத்துறை வங்கியில் விவசாயக் கடன், கல்விக்கடன் இரண்டையும் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நம் பக்கம் மாங்காய்ப் பணம் கைக்கு வருகிற நேரமும், செப்டம்பர் சேர்க்கைக்கு ஃபீஸ் கட்டுகிற நேரமும் ஒன்றாக வந்துவிடுகின்றன. அந்த அவசரத்தில் பலர் கடனைப் பற்றிக் கடைசியாக யோசிக்கிறார்கள். எந்த நாடு என்று முடிவு செய்யும் முன்பே கடன் கணக்கைப் போட்டுவிட வேண்டும் என்பதுதான் என் கருத்து. வந்த கேள்விகளைக் கீழே சுருக்கித் தந்திருக்கிறேன்.

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு விவசாயி: மூன்று ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. மகளுக்கு அயர்லாந்தில் எம்.எஸ்சி. இடம் கிடைத்திருக்கிறது. தோப்பை வைத்து 25 லட்சம் கேட்டால் மேனேஜர் முடியாது என்கிறார். அதே தோப்பின் மேல் பயிர்க்கடன் மட்டும் தருகிறார்களே?

மேனேஜர் மேல் கோபப்படாதீர்கள் ஐயா. கொடுத்த கடன் திரும்ப வராமல் போனால், நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்க வங்கிகளுக்கு 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம் அதிகாரம் தருகிறது. ஆனால் அதன் 31-ஆம் பிரிவு விவசாய நிலத்துக்கு விலக்கு கொடுத்திருக்கிறது. அது விவசாயியைக் காப்பாற்ற வந்த விலக்கு. அதனாலேயே கல்விக்கடனுக்கு விவசாய நிலத்தைப் பிணையாக எடுக்கப் பெரும்பாலான வங்கிகள் தயங்குகின்றன.

வீடு, வீட்டுமனை, கடை, டெபாசிட், எல்ஐசி பாலிசியின் சரண்டர் மதிப்பு (பாலிசியை இப்போதே முடித்துக்கொண்டால் கிடைக்கும் தொகை) ஆகியவற்றை ஏற்பார்கள். பிணைச் சொத்து உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தாய்மாமன் வீடாகவும் இருக்கலாம், அவர் வந்து கையெழுத்துப் போட்டால் போதும்.

நம் ஊர்களில் சிக்கலே காகிதத்தில்தான். வீடு நத்தத்தில் இருக்கும், பட்டா தாத்தா பெயரில் இருக்கும். அண்ணன் தம்பி வாய்ப்பேச்சில் பாகம் பிரித்துக்கொண்டு முப்பது வருடமாக ஒற்றுமையாக வாழ்ந்திருப்பார்கள், ஆனால் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகியிருக்காது. வங்கியின் வக்கீல் மூலப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, வீட்டு வரி ரசீது, கட்டட அனுமதி எல்லாவற்றையும் வரிசையாகப் பார்ப்பார். கூட்டுப் பட்டா என்றால் எல்லாப் பங்காளிகளின் கையெழுத்தும் கேட்பார். இதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும். பிள்ளை ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு வகுப்பில் சேரும் அன்றே நீங்கள் தாலுகா ஆபீஸுக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் கிளம்பிவிடுங்கள்.

பெண் பிள்ளைகளுக்குப் பல பொதுத்துறை வங்கிகள் வட்டியில் அரை சதவீதம் குறைக்கின்றன. மறக்காமல் கேளுங்கள். மகளுக்குக் கிடைத்தது உலகத் தரவரிசையில் முன்னால் நிற்கும் பல்கலைக்கழகம் என்றால் அதையும் சொல்லுங்கள். சில வங்கிகள் பல்கலைக்கழகப் பட்டியல் ஒன்று வைத்துக்கொண்டு, அதில் இருப்பவற்றுக்குப் பிணையே இல்லாமல் பெருந்தொகை தருகின்றன.

ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் தந்தை: சம்பளம் பிடித்தம் போக 45,000. மகனுக்கு 20 லட்சம் கடன் வாங்கலாமா? வேலை கிடைத்ததும் அவனே கட்டிவிடுவான் என்கிறான்.

கணக்கைப் பார்ப்போம். 10.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். 20 லட்சம் முழுவதும் எடுத்தபின் மாத வட்டி மட்டும் 17,500. படிப்புக் காலமும் அதற்குப்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. அதனால் பலர் வட்டியும் ஓடாது என்று நினைத்துவிடுகிறார்கள். வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். இரண்டு வருடப் படிப்பு, ஒரு வருடம் அவகாசம் என்றால் அதிகபட்சம் 6.3 லட்சம் ஏறி, கடன் 26.3 லட்சமாக நிற்கும். அதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 35,500. பதினைந்து வருடம் என்றால் சுமார் 29,000.

இப்போது ஒரு கேள்வியை மகனோடு உட்கார்ந்து பேசுங்கள்: அங்கே வேலை கிடைக்காமல் ஊர் திரும்பி, ஓசூரிலோ பெங்களூரிலோ தொடக்கச் சம்பளத்தில் சேர்ந்தால் இந்தத் தவணையைக் கட்ட முடியுமா? உங்கள் சம்பளத்தையும் சேர்த்துக் கட்ட முடியும் என்றால் தைரியமாக வாங்குங்கள். முடியாது என்றால் தொகையைக் குறையுங்கள், அல்லது நாட்டை மாற்றுங்கள். நாட்டை மாற்றுவதில் ஒரு அவமானமும் இல்லை.

படிக்கும் காலத்திலும் அவகாச ஆண்டிலும் வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டி வந்தால் அந்த 6.3 லட்சம் ஏறவே ஏறாது. விவசாயக் குடும்பங்கள் சீசனில் மொத்தமாகக் கட்டலாம், வங்கி மறுக்காது.

அதே தந்தை: அப்படியானால் ஜெர்மனி? அங்கே ஃபீஸே இல்லை என்கிறார்கள். மகன் பி.இ. மெக்கானிக்கல்.

பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். விதிவிலக்குகள் உண்டு. பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் நம் போன்ற நாட்டவருக்கு ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலச் சேர்க்கையிலிருந்து கட்டணம் வாங்குகிறது.

ஆனால் கையில் காசே இல்லாமல் போக முடியாது. விசாவுக்கு முன் முடக்கக் கணக்கு என்று ஒன்றில் ஓராண்டுச் செலவுக்கான 11,904 யூரோ போட வேண்டும். யூரோ 100 ரூபாய் என்று வைத்தால் 12 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. பையன் அங்கே போனபின் மாதம் 992 யூரோவாக அவன் கைக்கே திரும்ப வரும். இதையும் கல்விக்கடனில் சேர்க்க முடியுமா என்று கடன் அனுமதி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். நம் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏபிஎஸ் சான்றும் கட்டாயம். விண்ணப்பிக்கும் காலத்துக்கு வெகு முன்பே அதற்கு எழுதிப் போடுங்கள்.

ஓசூரில் வேலை பார்த்த அனுபவமுள்ள மெக்கானிக்கல் பையனுக்கு இதுதான் நல்ல வழி என்பது என் எண்ணம். ஒரே நிபந்தனை, ஜெர்மன் மொழியை இங்கேயே ஆரம்பித்துவிட வேண்டும். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் வேலை தரும் கம்பெனி ஜெர்மன் கேட்கும்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு மாணவன்: சார், பிளஸ் டூ முடித்ததும் நேராக ஜெர்மனி போகலாமா?

பிளஸ் டூ மட்டும் பொதுவாகப் போதாது தம்பி. இங்கே ஒரு கல்லூரியில் ஓராண்டாவது தேறியிருக்க வேண்டும், அல்லது ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறியிருக்க வேண்டும். இங்கேயே நல்ல கல்லூரியில் பட்டம் முடித்து மேல்படிப்புக்குப் போ. செலவும் குறையும், உனக்கும் வயது கூடியிருக்கும்.

ஊத்தங்கரையிலிருந்து ஒரு தந்தை: லண்டன் படிப்புக்குக் கணக்கில் பணம் காட்ட வேண்டுமாம். ஒரு மாதம் நாங்களே போட்டு வைக்கிறோம், வட்டி மட்டும் கொடுங்கள் என்கிறார் ஏஜென்ட். செய்யலாமா?

வேண்டாம். எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

முதலாண்டுக் கட்டணத்தில் பாக்கி உள்ளதும், ஒன்பது மாத வாழ்க்கைச் செலவும் 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும் என்பது பிரிட்டனின் விதி. 2025 நவம்பரிலிருந்து லண்டனில் மாதம் 1,529 பவுண்டு, வெளியூர்களில் 1,171 பவுண்டு. மாணவர் கணக்கிலோ பெற்றோர் கணக்கிலோ இருக்கலாம். ஏஜென்ட் வெளியாளிடம் வாங்கிப் போடும் பணம் எங்கிருந்து வந்தது என்று விசா அதிகாரி கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. ஏமாற்று என்று முடிவு செய்துவிட்டால் பத்தாண்டுகள் வரை அந்த நாட்டு வாசலே அடைபடும். வட்டிக்குக் கொடுத்தவர் தன் பணத்தோடு போய்விடுவார், சிக்கிக்கொள்வது பிள்ளை. வங்கியின் கல்விக்கடன் அனுமதிக் கடிதமும் ஆதாரமாக ஏற்கப்படும், அந்த வழியில் போங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். படிப்புக்குப் பின் தங்கி வேலை தேட இப்போது இரண்டு ஆண்டு தருகிறார்கள். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம்தான் (முனைவர் பட்டம் தவிர). பகுதிநேர வேலையும் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் மட்டும். அதில் சாப்பாட்டுச் செலவு தேறும், ஃபீஸ் தேறாது. பகுதிநேர வேலையிலேயே ஃபீஸ் கட்டிவிடலாம் என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

பென்னாகரத்திலிருந்து ஒரு தாய்: மகள் நீட்டில் தேறிவிட்டாள், ஆனால் அரசு இடத்துக்கு மதிப்பெண் போதாது. வெளிநாட்டு எம்பிபிஎஸ் 25 லட்சத்தில் முடியும் என்கிறார்கள்.

அம்மா, நீட் தேறியிருப்பது நல்லது. அது இல்லாமல் வெளிநாட்டில் படித்தால் இங்கே டாக்டராகப் பதிவு செய்ய முடியாது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கல்லூரியைச் சோதியுங்கள். படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில், அதே கல்லூரியில் ஓராண்டு பயிற்சி. அந்தப் பட்டத்தை வைத்து அந்த நாட்டிலேயே டாக்டராகப் பதிவு செய்யத் தகுதியும் இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் பணம் போச்சு.

திரும்பி வந்தபின், வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்எம்ஜிஇ தகுதித் தேர்வு: 300-க்கு 150 எடுக்க வேண்டும். எழுதுபவர்களில் பெரும்பாலோர் தேறுவதில்லை. அதன்பின் இங்கே ஓராண்டு பயிற்சி. ஆக 25 லட்சம் என்று சொல்லும் கணக்கில் தேர்வுக் கோச்சிங்கும், சம்பாத்தியம் இல்லாத வருடங்களும் சேரவில்லை. மகள் நன்றாகப் படிப்பாள் என்றால் ஒரு வருடம் மறுபடி நீட் எழுத வைப்பதையே நான் முதலில் சொல்வேன்.

அரூரிலிருந்து ஒரு மாணவி: சித்தேரி மலையைச் சேர்ந்த பழங்குடிப் பெண் நான், பி.எஸ்சி. முடித்துவிட்டேன். கடன் வாங்க வீட்டில் வழியே இல்லை.

உனக்குக் கடனைவிட நல்ல வழி இருக்கிறது அம்மா. ஆதிதிராவிடர், பழங்குடியினர் வெளிநாட்டில் முதுகலையும் ஆராய்ச்சியும் படிக்கத் தமிழ்நாடு அரசு அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகை தருகிறது. ஆண்டுக்கு 36 லட்சம் வரை கிடைக்கும். பழங்குடி மாணவர்களுக்கு ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையும் தனியாக உண்டு, ஆண்டுக்கு 20 பேருக்கு. இரண்டுக்கும் எழுது. பல்கலைக்கழகச் சேர்க்கைக் கடிதம், சாதிச் சான்று, வருமானச் சான்று மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பார். இன்ஷியல் முன்னால் ஓரிடத்தில், பின்னால் ஓரிடத்தில் என்று இருந்தால் இப்போதே திருத்திவிடு. தருமபுரி கலெக்டர் அலுவலகத்தில் பழங்குடியினர் நலப் பிரிவுக்கு நேரில் போய்க் கேள், போனில் விசாரித்துவிட்டு இருந்துவிடாதே.

ஆதிதிராவிட மாணவர்களுக்கான ஒன்றியத் திட்டம் வேறு. 125 இடம், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், பட்டத்தில் 60 சதவீதம், வயது 35-க்குள்.

கிருஷ்ணகிரியில் கடை வைத்திருப்பவர்: பணம் அனுப்பினால் வரி பிடிப்பார்களாமே?

ஒரு நிதியாண்டில் 10 லட்சம் வரை பிடித்தம் இல்லை. அதற்கு மேல் சொந்தப் பணம் அனுப்பினால், வங்கி முன்கூட்டியே வசூலிக்கும் வரியான டிசிஎஸ் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம். வங்கிக் கல்விக்கடனிலிருந்து போகும் பணத்துக்கு டிசிஎஸ் கிடையாது. கடன் வட்டிக்கு எட்டு ஆண்டு வரை வரிச் சலுகையும் உண்டு, ஆனால் பழைய வரி முறையில் இருந்தால் மட்டும்.

போச்சம்பள்ளியிலிருந்து: ஏஜென்ட் முதல் செமஸ்டர் ஃபீஸைத் தன் கணக்கில் போடச் சொல்கிறார். ரசீது தருவாராம்.

போடாதீர்கள். உங்கள் வங்கியிலிருந்து, சேர்க்கைக் கடிதத்தில் உள்ள பல்கலைக்கழகக் கணக்குக்கு நேராக அனுப்புங்கள். அனுப்பிய சான்றைப் பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சலில் உங்கள் பிள்ளையே அனுப்பி, பணம் வந்ததென்று பதில் வாங்கட்டும். ஏஜென்டுக்கு அவருடைய சேவைக் கட்டணம் மட்டும், அதுவும் விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்ப வரும் என்று ரசீதிலேயே எழுதி வாங்கிய பிறகு கொடுங்கள்.