ஆரோக்கியமான சாப்பாடு வசதியானவர்களுக்கு மட்டும்தானா?

ஓட்ஸ், கினோவா, ஆர்கானிக் காய்கறி எல்லாம் இந்த விலை விற்றால் சாதாரணக் குடும்பம் எப்படிச் சத்தாகச் சாப்பிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த மூன்றையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். கேழ்வரகு, பாசிப்பயறு, நிலக்கடலை, முருங்கைக்கீரை, மத்தி மீன் இருக்கும்போது அவை யாருக்கும் தேவையில்லை. ஆனால் "நம்ம ஊர்ச் சாப்பாடே மலிவு, சத்தானது, சமைக்கச் சோம்பல்தான் காரணம்" என்று சிலர் எழுதுகிறார்களே, அதையும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். கணவர் டைலர். இரண்டு பிள்ளைகள். எங்களைப் போன்ற குடும்பத்தை வைத்தே பார்ப்போம்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், ஒருவருக்கு ஒரு நாளைக்கு என்ன வேண்டும் என்று ஒரு தட்டு வரைந்து காட்டியிருக்கிறார்கள். அதில் தானியம் 250 கிராம்தான். கீரை, காய், கிழங்கு சேர்த்து 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு அல்லது முட்டை, கறி, மீன் 85 கிராம், பால் 300 மில்லி, கடலை போன்றவை 35 கிராம். இதை நான்கு பேருக்குப் பெருக்கி, எங்கள் பக்கத்து விலையில் தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். காய் கிலோ சராசரி 40 ரூபாய் என்றால் 64 ரூபாய். பருப்பு 48, பால் 48, வாழைப்பழம் மாதிரி மலிவான பழம் 24, நிலக்கடலை 20, எண்ணெய் 15. ஒரு நாளைக்கு 220 ரூபாய்க்குப் பக்கம் வருகிறது. அரிசியைச் சேர்க்காமலே மாதம் 6,600 ரூபாய். பிள்ளைகள் கொஞ்சம் குறைவாகச் சாப்பிடுவார்கள், சரி, ஆயிரம் ரூபாயைக் கழித்துக்கொள்ளுங்கள். வாடகை, ஸ்கூல் பீஸ், சீட்டுப் பணம் போக இதை எடுத்து வைக்கிற வீடு எங்கள் லைனில் ஒன்றிரண்டு இருந்தால் அதிகம்.

இந்தத் தட்டில் எங்களுக்கு இலவசமாகக் கிடைப்பது அரிசி. 2011-லிருந்து ரேஷனில் அரிசிக்குக் காசு கிடையாது. அதன் அருமை பட்டினி பார்த்த எங்கள் அம்மா தலைமுறைக்குத்தான் முழுசாகத் தெரியும், அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. துவரம்பருப்பும் 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆனால் கார்டுக்கு மாதம் ஒரு கிலோ. மேலே சொன்ன கணக்குப்படி முட்டை, கறி இல்லாமல் பருப்பை மட்டுமே நம்பினால் நான்கு பேருக்குப் பத்து கிலோ வேண்டும். அதனால் வயிறு எதில் நிறைகிறது? சோற்றில்தான். மூன்று வேளையும் அரிசி, தொட்டுக்கொள்ள ஏதோ கொஞ்சம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை, 40 சதவீதம் பேருக்கு அளவுக்கு மீறிய எடை. எங்கள் டேபிளில் சுற்றி நிற்கிறவர்களைப் பார்த்தாலே இது எனக்குப் புரியும். உடம்பு கனமாக இருக்கும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும்.

அப்புறம் நேரம். இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. இடைத்தரகர் இல்லாமல் விவசாயிகளே விற்கிற உழவர் சந்தை 1999-இல் மதுரையில் தொடங்கியது. திருப்பூரிலும் இருக்கிறது, காயும் நன்றாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் அது விடியற்காலைச் சந்தை. எட்டரைக்கு ஷிப்ட் என்றால் அந்த நேரத்தில்தான் சமைக்க வேண்டும், பிள்ளைகளைக் கிளப்ப வேண்டும், நான்கு டப்பா கட்ட வேண்டும். ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்கு வெளியே வந்தால் தெருமுனையில் வாடின காய்தான் மீதி இருக்கும், அதுவும் கூடுதல் விலைக்கு. பிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வாங்கின கீரை செவ்வாய் வரை தாங்காது. சனிக்கிழமை சம்பளம் வாங்குகிறோம், ஞாயிறு கறி எடுக்கிறோம், வியாழன் வந்தால் ரசமும் அப்பளமும். மளிகைக் கடையில் நோட்டில் எழுதிவிட்டு பிஸ்கட்டும் சேமியாவும் வாங்கலாம். தள்ளுவண்டிக்காரரிடம் கடனுக்குத் தக்காளி கேட்க முடியுமா? அவரும் அன்றன்றைக்குப் பிழைக்கிறவர்.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் எனக்கு நிம்மதி. அரசுப் பள்ளியில் மதியச் சாப்பாட்டோடு வாரம் ஐந்து முட்டை, சின்னவளுக்குக் காலைச் சிற்றுண்டியும் கிடைக்கிறது. என் பிள்ளைகள் என்னைவிட நன்றாகச் சாப்பிடுகிறார்கள். அரசாங்கம் மனசு வைத்தால் சத்தான சாப்பாடு ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் போய்ச் சேரும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். நீலகிரியிலும் தர்மபுரியிலும் 2023-இலிருந்து ரேஷனில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுத்தார்கள். அதே வழியில் பருப்பை ஒரு கிலோவிலிருந்து மூன்றாக்கினாலே எங்கள் தட்டு மாறிவிடும். ஷிப்ட் விடுகிற நேரத்துக்குக் கம்பெனிகள் இருக்கிற பகுதியிலேயே உழவர் சந்தைக் காய் கிடைக்கவும் வழி செய்ய வேண்டும்.

இப்போதைக்கு உங்கள் வீட்டில் மாதம் 500 ரூபாய் கூடுதலாக ஒதுக்க முடியும் என்றால், சத்து மாவு டப்பா வாங்காதீர்கள். முதலில் முட்டை, அடுத்தது பாசிப்பயறும் கடலையும், மிச்சத்துக்குக் கீரை. பயறு கெடாது, இரவு ஊறப்போட்டால் காலையில் குக்கரில் வைத்துவிடலாம். கம்பெனியில் சாயங்கால டீக்குப் பன்னோ போண்டாவோ வாங்குவதற்குப் பதிலாக நாங்கள் சிலர் சுண்டலாகத் தாளித்து எடுத்துப்போகிறோம், ஒரு டப்பாவில் மூன்று பேர் சாப்பிடலாம்.